ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணினிக் கூடம்: என்ன வாங்குவது, எப்படித் தொடங்குவது?

பென்னாகரத்தான்:

வணக்கம். எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். பாதிக் குடும்பங்களில் அப்பா அம்மா இருவருமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டி தாத்தாவோடு இருக்கிறார்கள். ஊரில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் ஒன்று உண்டு. பல வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. ஊராட்சித் தலைவரிடம் பேசினேன், சாவி தருகிறேன் என்கிறார்.

3ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அங்கே ஒரு கணினிக் கூடம் நடத்த வேண்டும் என்பது எண்ணம். பெங்களூரில் உள்ள நண்பர்கள் பழைய லேப்டாப் தருகிறார்கள். ஊரிலேயே சில வீடுகளில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் அலமாரியில் தூங்குகின்றன. ஒரு நண்பர் ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் டேப் (டேப்லெட்) போதும் என்கிறார். எது நல்லது? என்ன மென்பொருள் போடலாம்? இணையம் கட்டாயம் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திண்ணைப்பள்ளி அக்கா:

தம்பி, நல்ல காரியம். ஆனால் நீங்கள் கேட்ட எல்லாக் கேள்வியும் பொருளைப் பற்றியது. தினமும் மாலை கதவைத் திறந்து உள்ளே உட்காரப் போவது யார் என்று எழுதவே இல்லையே? அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

நான் அரசின் இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். 2021 அக்டோபரில் தொடங்கியபோது எங்கள் கையில் இருந்தது ஒரு பை, கொஞ்சம் அட்டைகள், ஒரு கரும்பலகை, என் சொந்தக் கைப்பேசி. வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் உட்காருவோம். கொரோனாவில் பள்ளி மூடி எழுத்தையே மறந்து வந்த பிள்ளைகள். மாநிலம் முழுக்க இப்படிச் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதினார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் எங்கள் மாலை வகுப்பால் வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி மாளாது.

பிள்ளைகள் வருவது அட்டைக்காகவோ ஆப்புக்காகவோ இல்லை. அக்கா இருப்பாள், நேற்றுப் படித்தது எதுவரை என்று அவளுக்குத் தெரியும், வராவிட்டால் வீட்டுக்கே வந்து கேட்பாள். அதனால்தான் வந்தார்கள். லேப்டாப் வரட்டும், நல்லது. முதலில் அந்த அக்காவைத் தேடுங்கள்.

கோடுகாரன்:

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுக்க ஏற்க முடியவில்லை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்தாலே அது டியூஷன் ஆகிவிடும். பிள்ளைகளைக் கணினியோடு விட்டுவிட்டால் அவர்களே கற்றுக்கொள்வார்கள் என்பது நம் நாட்டிலேயே பார்த்த விஷயம். 1999இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் தன் அலுவலகச் சுவரில் துளை போட்டு ஒரு கணினியை வைத்தார். பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளிடமும் நடந்திருக்கிறது. சுனாமி தாக்கிய காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மூலக்கூறு உயிரியல் பாடத்தை, அதுவும் ஆங்கிலத்தில், கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் மித்ரா. இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் பூஜ்யத்தில் இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 30 மதிப்பெண் எடுத்தார்கள். கூடத்தைத் திறந்து வையுங்கள், பிள்ளைகள் கூட்டமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

நூலகப்புழு:

கோடுகாரன், காளிக்குப்பம் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 30 போதாது என்று மித்ராவே அடுத்த படிக்குப் போனார். அதே ஊரில் பிள்ளைகளுக்குப் பழக்கமான 22 வயதுப் பெண் ஒருவரைக் கூட நிற்கச் சொன்னார். கணக்கர் வேலை செய்பவர், உயிரியல் தெரியாது. பாடம் நடத்தச் சொல்லவில்லை. பின்னால் நின்று "அட, இது என்ன? எப்படிக் கண்டுபிடித்தாய்? எனக்குக் காட்டு" என்று பாட்டி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார். அடுத்த தேர்வில் மதிப்பெண் 50 ஆனது. பெரியவர்கள் வேண்டாம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

துளைக் கணினிகளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். மார்க் வார்ஷாவர் என்ற ஆய்வாளர் டெல்லியில் நேரில் போய்ப் பார்த்தார். இணையம் பெரும்பாலும் வேலை செய்யவில்லை, இந்தியில் எதுவும் இல்லை, பிள்ளைகள் படம் வரைந்தார்கள், விளையாடினார்கள், அவ்வளவுதான் என்று எழுதினார். உத்தராகண்டில் அல்மோரா பக்கம் வைத்த கணினிகளைச் சில வருடம் கழித்துத் தேடிப்போன பாயல் அரோரா என்ற ஆய்வாளர், கைவிடப்பட்ட நிலையில்தான் பார்த்தார். ஊரில் யாருக்கும் அது தங்களுடையது என்ற எண்ணமே இல்லை. பென்னாகரத்தான் பயப்பட வேண்டிய இடம் இதுதான். பெங்களூர் நண்பர்கள் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பெட்டிகளை ஊர் தன்னுடையதாக நினைக்காது.

கோடுகாரன்:

சரி, அந்தப் பெண் வந்தபின் கூடியது உண்மைதான். ஆனால் அவருக்குப் பாடம் தெரியாது என்பதை விட்டுவிடாதீர்கள். அப்படியானால் பி.எட். படித்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆர்வமாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் போதும். நான் அஞ்சுவது குச்சி எடுக்கும் டியூஷன் வாத்தியாரைப் பற்றித்தான்.

திண்ணைப்பள்ளி அக்கா:

இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. ஒன்று மட்டும். 3ஆம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே வராது என்றால் "அட, எப்படி?" என்று வியந்துகொண்டிருந்தால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். வியப்பது பெரிய பிள்ளைகளிடம் வேலை செய்யும்.

மாண்டேவிடியோவிலிருந்து:

வேலைக்காகச் சில வருடம் உருகுவேயில் இருந்தவன் நான். இந்த விவாதம் அங்கே ஒரு நாடு முழுக்க நடந்தது, அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டி "ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்" என்று அறிவித்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பச்சையும் வெள்ளையுமாக, காதுபோல் இரண்டு ஆண்டெனா வைத்த குட்டிக் கணினி. பெரு நாடு 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. மலைக் கிராமப் பள்ளிகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது, ஆசிரியருக்குச் சிறு பயிற்சி, பல இடங்களில் இணையமே இல்லை. 2012இல் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி 319 பள்ளிகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் இல்லை.

உருகுவே சின்ன நாடு. 2007 மே மாதம் வில்லா கார்டால் என்ற சிற்றூரில் தொடங்கி, 2009 முடிவதற்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். செய்பால் திட்டம் என்று பெயர். கணினி வந்த புதிதில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பழுதானால் என்ன செய்வது, அம்மா அப்பா எப்படித் திறப்பது என்று ஊர் ஊராகக் கேள்வி. அப்போது தன்னார்வலர்கள் சேர்ந்து ஆதரவு வலையம் ஒன்றை உருவாக்கினார்கள். ஓய்வுபெற்றவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் இருந்தார்கள். விநியோக நாளில் போய் நின்று, பெற்றோரோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அரசுப் பல்கலைக்கழகம் 2008இல் "ஃபுளோர் தெ செய்போ" என்று ஒரு திட்டம் போட்டுத் தன் மாணவர்களைக் குழுக்களாகக் கிராமங்களுக்கு அனுப்பியது. வெள்ளை மேலங்கியும் நீல ரிப்பனுமாகப் பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் பூங்காவில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் முதல் சில வருடங்களில் அங்கும் கணக்கு, வாசிப்பு மதிப்பெண் கூடவில்லை என்றே ஆய்வு வந்தது. இதை மறைத்துவிட்டு உருகுவேயைப் புகழ்வது நியாயமில்லை. ஆனால் அவர்களிடம் ஆட்களும் இருந்தார்கள், பள்ளிகளில் இணையமும் இருந்தது. அதனால் அடுத்த படிக்குப் போக முடிந்தது. எனக்கு மிகப் பிடித்தது 2012இல் தொடங்கிய ஆங்கில வகுப்பு. நாட்டில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை. வாரம் ஒருமுறை எங்கோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் திரையில் வந்து பாடம் நடத்துவார். மீதி நாட்களில் ஆங்கிலம் சரியாகத் தெரியாத வகுப்பாசிரியரே பிள்ளைகளோடு சேர்ந்து, தானும் கற்றுக்கொண்டே, பயிற்சி கொடுப்பார். கோடுகாரன் கேட்ட "பாடம் தெரியாத பெரியவர்" அங்கே ஒரு நாட்டுத் திட்டமாகவே இருக்கிறார்.

பென்னாகரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நான் லேப்டாப் பட்டியல் எதிர்பார்த்து வந்தேன், வேறு பட்டியல் கிடைத்துவிட்டது. ஊரில் பட்டப்படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் மூன்று நான்கு பேர் உண்டு. கேட்டால் வருவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் வேறு கவலை. ஊரில் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை மாலையில் வெளியே அனுப்ப மாட்டார்கள். கைப்பேசியும் வீட்டில் ஒன்றுதான், அது பையன் கையில்தான் இருக்கும். கூடம் திறந்தால் பையன்கள் மட்டும் வந்து நிறைந்துவிடுவார்களோ?

எட்டாம் வகுப்பு டீச்சர்:

நிச்சயம் நிறைந்துவிடுவார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் அதுதான் நடக்கும். ஒரு கணினிக்கு மூன்று பேர் என்றால் மவுஸ் யார் கையில் என்று பாருங்கள், தெரிந்துவிடும். என் பள்ளி ஆய்வகத்தில் நேரம் வைத்து மவுஸை மாற்றச் சொல்வேன். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, கடிகாரம் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இருட்டுவதற்குள் வீடு திரும்பும் நேரம் வையுங்கள். சனி, ஞாயிறு பகலில் அவர்களுக்கென்று தனி நேரம் கொடுங்கள். கூடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். ஒரே ஒரு ஆணிடம் சாவியைக் கொடுத்து விட்டுவிடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவரானாலும். குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அம்மாக்களிடம் யார் பேசுவது? பள்ளி மேலாண்மைக் குழு 2022இல் புதிதாக அமைத்தபோது தலைவராக ஒரு தாயையே வைத்தார்கள். உங்கள் ஊர்க் குழுத் தலைவி யார் என்று கேட்டு, முதல் கூட்டத்தை அவரை வைத்து நடத்துங்கள். தலைமை ஆசிரியரிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள். பள்ளிக்குப் போட்டியாக ஏதோ நடக்கிறது என்று எங்களுக்குத் தோன்றிவிட்டால் நல்லதும் கெட்டுப்போகும். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று எங்களிடம் கேளுங்கள், மனதாரச் சொல்வோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பணம் கொடுத்த நண்பர்களுக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இது எனக்கு மிக வருத்தம் தரும் விஷயம். கிழிந்த சட்டையோடு தன் முகம் எங்கெல்லாம் போகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வந்தவர் எண்ணிக்கையை எழுதி அனுப்புங்கள், போதும்.

கொச்சிக்காரர்:

கேரளத்தில் வேலை பார்க்கிறேன், மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். இங்கே "லிட்டில் கைட்ஸ்" என்று மாணவர் கணினிக் குழு 2018இல் தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பில் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் பொறுப்பு. மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள். அனிமேஷன், நிரல், மலையாளத் தட்டச்சு எல்லாம் கற்கிறார்கள். அதைவிட முக்கியம், பள்ளியில் புரொஜெக்டர் நின்றுபோனால் ஓடிவருவது இந்தப் பிள்ளைகள்தான். 2022இல் அம்மாக்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்ததும் இவர்களே. ஓடிபி கேட்டால் சொல்லக்கூடாது, போலிச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 13 வயதுப் பிள்ளை பாடம் எடுக்க, அம்மாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இதற்குப் பின்னால் அரசு இருக்கிறது, பள்ளிகளில் கணினிக் கல்விக்காக வந்த 2001 காலத்து ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்திலிருந்து வந்த பழக்கம் இருக்கிறது. ஒரு ஊரில் அப்படியே செய்ய முடியாது. ஆனால் 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுப்பதற்கு அரசு ஆணை தேவையில்லை. பதிவேடு ஒருவர், சார்ஜ் போடுவது ஒருவர், சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் பொறுப்புக் கொடுத்தால், "என் மகள் அங்கே ஒரு வேலை பார்க்கிறாள்" என்று வீட்டிலும் அனுப்புவார்கள்.

ஸ்க்ரூடிரைவர்:

கேட்ட கேள்விக்கு யாரும் பதிலே சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பழுது பார்ப்பது என் தொழில்.

ஸ்மார்ட் போர்டு வேண்டாம். டேப் கீழே விழுந்தால் திரை மாற்றும் செலவில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கலாம். 2011இலிருந்து அரசு கொடுத்த மடிக்கணினிகள் இருக்கின்றனவே, அவற்றில் பேட்டரி உப்பியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், ஆபத்து. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்புக் கருவியான எஸ்.எஸ்.டி. சிறியதாகப் போட்டு, ரேம் (நினைவகம்) 4 ஜிபி ஆக்கினால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த வகை நன்றாக ஓடும். அந்த நூலகக் கட்டடத்தின் வயரிங்கையும் எர்த்தையும் எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிளக் சொருக வேண்டும். பூட்டிக் கிடந்த கட்டடம், மழை இறங்கியிருக்கும்.

இணையம் இல்லாமலே தொடங்கலாம். கிவிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் கணினிக்குள் இருக்கும். கொலிப்ரி என்று ஒன்று உண்டு. ஒரு கணினியில் பாடங்களை ஏற்றி வைத்தால் மற்றவை வைஃபை வழியாக அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும், வெளியே இணையம் தேவையில்லை. சின்னவர்களுக்குப் படம் வரைய டக்ஸ் பெயின்ட், பெரிய பிள்ளைகளுக்கு நிரல் எழுதிப் பழக ஸ்கிராட்ச், இரண்டும் இணையம் இல்லாமல் ஓடும். தமிழ் 99 விசைப்பலகையை முதல் மாதத்திலேயே பழக்கிவிடுங்கள். தன் பெயரைத் தானே தட்டச்சு செய்து பார்க்கிற பிள்ளை மறுநாள் கட்டாயம் வரும்.

எல்லோருக்கும் ஆளுக்கொன்று வேண்டாம். நல்ல நிலையில் ஐந்தாறு இருந்தால் போதும். இரண்டு பேர் ஒன்றில் உட்கார்ந்தால்தான் பேச்சே வரும். எங்கள் பக்கம் கொண்டுவந்தால் எஸ்.எஸ்.டி. விலை மட்டும் கொடுங்கள், வேலைக்கு நான் காசு வாங்க மாட்டேன்.

நூலகப்புழு:

பெங்களூரில் இருக்கும் பெற்றோரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அவர்களை ஏன் வெளியே நிறுத்துகிறோம்?

2020இல் பள்ளிகள் மூடியபோது போட்ஸ்வானாவில் ஒரு சோதனை நடந்தது. ஸ்மார்ட்போன் கூட வேண்டாம், சாதாரணக் கைப்பேசிதான். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை கணக்குக் குறுஞ்செய்தி மட்டும் போனது. இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு, பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை சுமார் 20 நிமிடம் அழைத்து, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்து ஒரு கணக்கைச் செய்ய வைத்தார். குறுஞ்செய்தி மட்டும் போன வீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அழைப்பு போன வீட்டில் பிள்ளைகள் முன்னேறினார்கள். பெற்றோருக்கும் தங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது சரியாகத் தெரிந்தது.

கட்டட வேலைக்குப் போன அப்பாவிடம் போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூடத்திலிருந்தே வீடியோ அழைப்புப் போட்டு, "இந்த வாரம் உங்கள் மகள் இதைச் செய்தாள், அவளிடமே கேளுங்கள்" என்று அக்கா சொன்னால் எப்படி இருக்கும்? பிள்ளை வாசிக்கட்டும், அப்பா கேட்கட்டும். நீங்கள் வாங்கப்போகிற எந்த மென்பொருளையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

கோடுகாரன்:

இது நல்ல யோசனை. பாட்டி தாத்தாவும் பக்கத்தில் உட்காரலாம். அவர்கள் சொல்லும் கதையைப் பிள்ளைகள் பதிவு செய்து, தட்டச்சு செய்து, ஸ்கிராட்சில் படம் போட்டால் தமிழும் ஆகும், கணினியும் ஆகும். நான் மாதம் ஒரு ஞாயிறு இணையவழியில் ஸ்கிராட்ச் சொல்லித் தருகிறேன்.

திண்ணைப்பள்ளி அக்கா:

இப்போது பணத்தைப் பற்றிப் பேசலாம், யாரும் பேசமாட்டேன் என்கிறீர்கள். எங்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்தார்கள். அது சம்பளம் இல்லைதான். ஆனால் "சும்மா போய் உட்காருகிறாய்" என்று வீட்டில் யாரும் சொல்ல முடியாதபடி செய்தது அந்த 1000 ரூபாய். பட்டப்படிப்பு முடித்த பெண்களைச் சேவை என்று அழைத்தால் மூன்று மாதம் வருவார்கள். அப்புறம் வேலை கிடைக்கும், இல்லை கல்யாணம் ஆகும், கூடம் பூட்டப்படும். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? லேப்டாப் வாங்கித் தர வரும் நண்பர்களிடம், அந்தக் காசில் பாதியை இரண்டு வருடத்துக்கு மாத உதவித்தொகையாகத் தரச் சொல்லுங்கள்.

மாண்டேவிடியோவிலிருந்து:

கொடுப்பவர்கள் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொருளில் தங்கள் பெயரை ஒட்டலாம், சம்பளத்தில் ஒட்ட முடியாது. ஆனாலும் கேட்க வேண்டும். நான் ஒரு பெண்ணுக்கு ஒரு வருட உதவித்தொகை தருகிறேன், பெயர் போட வேண்டாம்.

பென்னாகரத்தான்:

இன்று மாலை நண்பர்களிடம் பேசிவிட்டேன். ஸ்மார்ட் போர்டு தருவதாகச் சொன்னவர் முதலில் கோபப்பட்டார். காளிக்குப்பத்தையும் பெருவையும் சொன்னபின் யோசிக்கிறேன் என்றார். மற்ற இருவர் மாதாமாதம் தர ஒத்துக்கொண்டார்கள். ஆகவே இரண்டு பெண்களுக்கு உதவித்தொகை உறுதி. லேப்டாப்களில் நல்லதாக ஆறு மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவர் அண்ணனிடம் கொண்டு வருகிறேன்.

வரும் சனிக்கிழமை நூலகத்தைத் திறந்து சுத்தம் செய்கிறோம், எலக்ட்ரீசியன் வருகிறார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்மாக்களைக் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெண் பிள்ளைகளின் நேரத்தை அந்தக் கூட்டத்திலேயே அம்மாக்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். டீச்சர், 3ஆம், 4ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று முதல் வாரம் எப்படிப் பார்ப்பது? அந்தப் பெண்கள் இதற்குமுன் செய்ததில்லை.

எட்டாம் வகுப்பு டீச்சர்:

சுலபம்தான். எழுத்து, சொல், சின்ன வாக்கியம், ஒரு பத்தி, ஒரு கதை என்று ஐந்து தாள் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியாக உட்கார வைத்து, எதுவரை தடையில்லாமல் வாசிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழக்கூடாது. மதிப்பெண் போட வேண்டாம். வகுப்பைப் பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள். 6ஆம் வகுப்புப் பிள்ளை எழுத்து நிலையில் இருந்தால் அதைச் சின்னவர்களில் ஒருவராக உட்கார வைக்காமல், அவர்களுக்கு உதவும் அண்ணனாக அக்காவாக உட்கார வையுங்கள், கூச்சம் இருக்காது. தாள்களை நான் எழுதி இங்கேயே போடுகிறேன், நாளைக்குள்.

திண்ணைப்பள்ளி அக்கா:

டீச்சர் தாளைப் போட்டதும், அந்தப் பெண்கள் இருவரையும் என் எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள், தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். முதல் வாரம் முழுக்க தினமும் ராத்திரி 8 மணிக்குப் பேசலாம்.